சிட்டிபாபு ஏறிய இருபத்திரண்டு படிகள்

செவிலிமேட்டில் டவுன் பஸ் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பக்கத்துக் கடை சிட்டிபாபுவுடையது. கடை என்றால், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே இரும்பு பைப்புகள், பலகைகள், சவுக்குக் கம்புகள். வீடு கட்டுகிறவர்களும் பெயிண்டர்களும் வந்து சாரம் கட்டுவதற்கான சாமான்களை வாடகைக்கு எடுத்துப் போவார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எந்த அடுக்கிலிருந்து எதை உருவ வேண்டும் என்று அவர் சொல்வார். சொன்னதை விட்டு வேறொன்றில் கை வைத்தால் திட்டு விழும். வாடிக்கைக்காரர் என்றும் பார்க்க மாட்டார்.

அவர் மும்பையில் ஒரு வானளாவிய கட்டடத்தின் உச்சிக்குப் போய்வந்தது எங்கள் பக்கத்தில் நிறைய பேருக்குத் தெரியும். செல்போனில் ஓடிய ஒரு நிமிட வீடியோவாகத்தான் தெரியும். அவரிடமும் அவர் மனைவி மேரியிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை நான் இங்கே எழுதுகிறேன். இருவர் சொன்னதும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. அந்த இடங்களில் மேரி சொன்னதையே எடுத்துக்கொண்டேன்.

சிட்டிபாபு பிறந்தது கூரத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவருக்கு வயல் வேலை பிடிக்கவில்லை. குனிந்தே இருக்க வேண்டும் என்பார். பதினேழு வயதில் சாரம் கட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார். காஞ்சிபுரத்தில் அந்த வேலைக்குக் குறைவில்லை. ஏதாவது ஒரு கோயிலில் திருப்பணி நடந்துகொண்டே இருக்கும். கோபுரத்தைச் சுற்றி அடியிலிருந்து கலசம் வரை கம்பு நட்டு, குறுக்கே கம்பு வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். ஒரு பொம்மையின் விரல்கூட உடையக் கூடாது. பெயிண்டரும் ஸ்தபதியும் வருவதற்கு முன்னால் அந்த உயரத்தில் முதலில் நிற்பவர் சாரங்கட்டிதான். வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்குபவரும் அவர்தான். இருபது வருடம் இந்த வேலையைச் செய்தார். தென்னாற்காட்டிலிருந்துகூடக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

ஒருமுறை, ஏழு மாதம் வேலை செய்த ஒரு கோயிலில் கும்பாபிஷேகம். கோயிலின் பெயர் வேண்டாம். அன்று காலை குளித்து வெள்ளை வேட்டி கட்டிப் போனவரை, கயிறு பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் நிறுத்தி, வேலையாட்கள் எல்லாம் பின்மதில் பக்கம் போய் நில்லுங்கள் என்றாராம். சிட்டிபாபு கயிற்றைக் கையால் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேரி இதைச் சொல்லும்போது, கல்யாணமான புதிதில் இந்தக் கதையைக் கேட்டபோதே இந்த ஆளோடு வாழ்க்கை சுலபமாக இருக்காது என்று தெரிந்துவிட்டதாகச் சொன்னார்.

நூற்றிருபது அடி உயரத்தில் விழாதவர் பன்னிரண்டு அடி உயரத்தில் விழுந்தார். முப்பத்தேழு வயது. ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்புக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தபோது, கால் வைத்த சன்ஷேடு உடைந்து அவரோடு கீழே வந்தது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. சூடு பட்டாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது.

அதற்குப் பிறகு எல்லோரும் அவரைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் தூக்கினார்கள், ஆட்டோவில் ஏற்றத் தூக்கினார்கள், சர்ச்சில் தூக்கினார்கள், மாற்றுத்திறனாளி அட்டை வாங்கப் போன இடத்தில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வருடம் அவர் எதுவும் சொல்லவில்லை. பிறகு மேரியின் தம்பி கல்யாணத்தில் நாலு பேர் சேர்ந்து அவரை மணமேடைக்குத் தூக்கினார்கள். ஒருவருக்குக் கை வழுக்கியது. மேடைப் படியில் விழுந்தார். வேட்டி விலகிவிட்டது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கேமராக்காரர் மட்டும் கேமராவை இறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் மேரியிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான்.

"இனிமே என்ன யாரும் தூக்கக் கூடாது. நீயும் தூக்கக் கூடாது."

கயிறு இழுத்த கைகள். அவற்றால் தன்னைத் தானே கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து மூன்று சக்கர ஸ்கூட்டருக்கும் மாற்றிக்கொள்ளப் பழகினார். கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக் கடை வைத்தார். மேரி பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறவர். புடவையையும் எடுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் உட்கார்ந்து வேலை செய்வார். மகள் திரிஷா காலேஜில் படிக்கிறாள். இப்படி ஆறு வருடம் போனது.

போன வருடம் மும்பையில் கட்டுமான சாமான்களுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. அலுமினியச் சாரம் வந்திருக்கிறது, ஒரு ஆள் ஒரு கையில் தூக்கலாம் என்று யாரோ சொல்ல, அதை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று சிட்டிபாபு கிளம்பினார். மேரியும் கூடப் போனார். அரக்கோணத்தில் ரயில் ஏறி, மறுநாள் மும்பை. கண்காட்சியை ஒரு நாளில் பார்த்து முடித்துவிட்டார்கள். அலுமினியம் அவருக்குப் பிடிக்கவில்லை. காற்றடித்தால் கடகடவென்று பேசும் என்றார்.

திரும்புவதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. மேரிக்குக் கடற்கரை பார்க்க ஆசை. சிட்டிபாபுவுக்குக் கண்காட்சி வாசலிலிருந்தே தெரிந்த அந்தக் கட்டடம். கண்ணாடி போர்த்திக்கொண்டு, அக்கம்பக்கத்து மாடிகளை எல்லாம் முழங்கால் அளவுக்கு விட்டுவிட்டு நின்றது. அதன் உச்சியில் பார்வையாளர் மாடம் உண்டு என்று போனில் தேடிக் கண்டுபிடித்து, அங்கேயே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். டிக்கெட்டில் இரண்டு தளம் என்று போட்டிருந்தது. கண்ணாடிக் கூடம் ஒன்று, அதற்கு மேலே திறந்தவெளி மாடம்.

லிஃப்ட் ஏறும்போது மேரிக்குக் காது அடைத்துக்கொண்டது. சிட்டிபாபு மாடி எண்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் பெரிய கூடம். சுற்றிலும் கண்ணாடி. ஜனங்கள் கண்ணாடியில் முதுகைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளிர்சாதனம் ஓடியது. ஏதோ பாட்டு வைத்திருந்தார்கள். சிட்டிபாபு ஒரு சுற்று சுற்றி வந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேலே போகிற வழி எங்கே என்று கேட்டார்.

வழி ஒரு மூலையில் இருந்தது. இரும்புப் படிகள். மேரி எண்ணினார். பதினோரு படி, நின்று திரும்ப ஒரு சின்ன நடை, மறுபடி பதினோரு படி. சரிவுப் பாதை இல்லை, லிஃப்ட் இல்லை.

படிக்குக் கீழே சீருடையில் ஒரு காவல் மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையில் வேலாயுதம் என்று பெயர் எழுதியிருந்தது. இவர்கள் பேச்சைக் கேட்டதும் தமிழில் பேசினார். அவருடைய அப்பா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தங்கிவிட்ட குடும்பம். சக்கர நாற்காலிக்கு இந்தக் கூடம் வரைக்கும்தான் அனுமதி என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே போய் மேலாளரைக் கூட்டி வந்தார்.

மேலாளர் சின்ன வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். அவர் இந்தியில் பேசியதை வேலாயுதம் தமிழில் சொன்னார். மேலே காற்று அதிகம், தீப்பிடித்தால் இறங்குவது கஷ்டம், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான். இங்கேயே நல்ல இடமாகப் பார்த்து உட்காருங்கள், காப்பி எங்கள் செலவு, படமும் எடுத்துத் தருகிறோம்.

சிட்டிபாபு கண்ணாடிக் கூரை வழியே மேலே காட்டினார். மாடத்தின் ஓரத்தில் லாரி அளவுக்குக் குளிர்சாதன எந்திரம் ஒன்று தெரிந்தது.

"அந்த மெஷின் மேல எப்டிப் போச்சி? படியேறியா போச்சி?"

வேலாயுதம் அதை அப்படியே மொழிபெயர்த்தார். கட்டும்போது கிரேன் வைத்து ஏற்றியது என்றார் மேலாளர்.

"மெஷினுக்கு யோசிச்சீங்க இல்ல. அப்போ மனுசனுக்கும் யோசிச்சிருக்கலாம். டிக்கெட்ல ரெண்டு தளம்னு போட்டு இருக்குது. நான் ஒண்ணுதான் பாத்து இருக்கறேன்."

மேலாளர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். சிட்டிபாபு வேண்டாம் என்றார். வேலாயுதம் மேலாளரிடம் ஏதோ தணிந்த குரலில் பேசிவிட்டு வந்தார்.

"தம்பி, கோவப்படாதிய. நாங்க நாலு பேரு சேந்து அலுங்காமத் தூக்கிட்டுப் போயிருதோம். நான் பொறுப்பு."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அது சிட்டிபாபுவுக்கும் தெரிந்தது. அதனால் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

"வீல்சேரத் தூக்குங்கண்ணே. என்னத் தூக்காதீங்க."

சொல்லிவிட்டு நாற்காலியைப் படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சக்கரத்தைப் பூட்டி, கைகளை ஊன்றி, முதல் படியில் இறங்கி உட்கார்ந்தார். முதுகு மேல்படியின் பக்கம்.

மேரிக்கு அப்போதுதான் அவர் என்ன செய்யப் போகிறார் என்று புரிந்தது. நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் தனக்கு அன்று இல்லை என்று மேரி என்னிடம் உறுதியாகச் சொன்னார். அவருடைய பயம் வேறு. உணர்ச்சி இல்லாத தோல் இரும்பில் உரசினால் பிய்ந்துபோகும். பிய்ந்தது தெரியாது. அதற்கு முந்தின வருடம் இடுப்பில் வந்த ஒரு புண் ஆற மூன்று மாதம் ஆகியிருந்தது. தினமும் அதைக் கழுவிக் கட்டியவர் மேரிதான்.

"வேணாம்யா. உனுக்கு வலிக்காது, எனுக்குத்தான் தெரியும். பிச்சிக்கும். காப்பி குடிச்சிட்டுப் போய்டலாம் வா."

"பிச்சிக்கும்னு எனுக்கும் தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"இங்க வேடிக்க காட்ட நான் ஏறல மேரி. டிக்கெட் வாங்கனவன் போற எடத்துக்குப் போறேன். அவ்ளோதான்."

மேரி நாற்காலியில் இருந்த மெத்தையை உருவி எடுத்து இரண்டாவது படியில் போட்டார்.

அவர் உள்ளங்கைகளைப் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, மேல்படியில் உட்காருவார். பிறகு பேண்ட்டைப் பிடித்துக் கால்களை ஒவ்வொன்றாக இழுத்து வைப்பார். மேரி மெத்தையை அடுத்த படிக்கு நகர்த்துவார். ஐந்து படி வரை இப்படிப் போனது. ஆறாவது படியில் மெத்தை வழுக்கிக் கீழே உருண்டது. படியின் அகலம் மெத்தைக்குப் போதவில்லை. அவர் அதற்காக நிற்கவில்லை. மேரி தன் சால்வையை மடித்துப் போட்டார். அதுவும் சரியாக நிற்கவில்லை.

கீழே மேலாளர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து வேலாயுதத்திடம் வந்து, அந்த ஆளை நிறுத்து என்றார். வேலாயுதம் அசையவில்லை. இந்தியில் சுருக்கமாக ஏதோ சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று மேரி பிறகு கேட்டபோது, "கை வைக்கச் சொன்னாவ. நான் வைக்க மாட்டேன்னுட்டேன்" என்றாராம்.

நடுவில் இருந்த நடைக்கு வந்தபோது சிட்டிபாபுவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்தார். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் தேங்கி நின்றார்கள். செல்போன்கள் உயர்ந்தன. யாரோ ஒருவர் கை தட்ட, இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர் முகம் கடுகடுத்தது.

"கைதட்ட வேணாம்னு சொல்லுங்கண்ணே. நவுந்து வழி வுடச் சொல்லுங்க."

வேலாயுதம் அதைச் சத்தமாகச் சொன்னார். கைதட்டல் நின்றது. கூட்டம் சுவரோரம் ஒதுங்கியது. மிச்சம் பதினோரு படியும் அமைதியாகவே ஏறினார். பத்தொன்பதாவது படியில் ஒரு தடவை கை நழுவி முழங்கை இரும்பில் மோதியது. மேரி ஓர் அடி முன்னால் வந்தார். அவர் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டார். வேலாயுதமும் இன்னொரு காவலரும் காலி நாற்காலியைப் பின்னால் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மேலே வந்ததும் காற்று அறைந்தது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கம்பி போட்ட விளிம்புவரை அவர் தானே தள்ளிக்கொண்டு போனார். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தகரக் கூரைகளும் மாடிகளும். ஜனங்கள் எல்லாரும் கடல் பக்கம் நின்றார்கள். சிட்டிபாபு எதிர்ப்பக்கம் போனார். அங்கே பாதி எழும்பிய ஒரு கட்டடம், இவர்களைவிடக் கொஞ்சம் தாழ்வாக. அதைச் சுற்றிச் சாரம். நாலைந்து பேர் பெல்ட் மாட்டிக்கொண்டு குறுக்குப் பைப்பை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பைப் சரியாக முட்டு வாங்கவில்லை, ஆடுகிறது என்று மேரியிடம் சொன்னார். அங்கிருந்த ஒருவர் இவரைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, கையை உயர்த்தினார். இவரும் உயர்த்தினார்.

மேரி வீட்டு மாடிக்கு மேல் எந்த உயரத்துக்கும் ஏறியவர் இல்லை. ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் நாற்காலியின் பிடியையும் பற்றிக்கொண்டு மெல்ல எட்டிப் பார்த்தார். தலைமுடி முகத்தில் அடித்தது.

"இதத்தான் நீ தெனமும் பாத்துக்கினு இருந்தியா?"

அவர் தலையாட்டினார். மேரிக்கு ஏனோ கோபம் வந்தது. வேலை செய்த வருடங்களில் எல்லாம் இவர் இறங்கி வந்து சாப்பிட உட்காருவார், கை கழுவுவார், தூங்குவார். மேலே என்ன தெரிகிறது என்று தான் ஒரு நாளும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. அந்தக் கோபத்தோடு, பயத்தை விட்டுவிட்டு, மாடத்தை முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தார். இருவரும் மேலே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள். மேலாளர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். இறங்கும்போது அதே மாதிரி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கினார்.

மேரி பயந்தபடியேதான் நடந்தது. ரயிலில் வரும்போதே பேண்ட்டில் ரத்தம் தெரிந்தது. இடுப்பில் ஓர் இடத்திலும் இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. டாக்டர் கலைவாணி புண்ணைப் பார்த்துவிட்டு அவரைப் பேசிய பேச்சை மேரி எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார். ஏழு வாரம் குப்புறப் படுத்தே இருக்க வேண்டியதாயிற்று. கடையை மேரி பார்த்துக்கொண்டார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வீடியோவில் இது இல்லை.

வீடியோ அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. யாரோ அதில் சோக வாத்தியம் சேர்த்து, தன்னம்பிக்கையின் சிகரம் என்று தலைப்பும் போட்டுவிட்டார்கள். எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள். நான் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டிலில் குப்புறப் படுத்தபடி பார்த்தார். போனை என் கையில் திருப்பிக் கொடுத்து, நான் பேசுகிறேன், நீ எடு என்றார். படுத்த கோலத்திலேயே பேசினார்.

"என் பேரு சிட்டிபாபு. அந்தப் படில ஏறனது நான்தான். யாரும் என்னப் பாராட்ட வேணாம். அதால எனுக்குப் புண்ணு வந்து படுத்துக்கினு இருக்கறேன். இருவத்திரண்டு படி. அங்க ஒரு லிஃப்ட் இருந்திருந்தா நான் ஏறி இருக்க மாட்டேன், நீங்களும் பாத்திருக்க மாட்டீங்க. என்னப் பாத்துக் கண்ணு கலங்கறதுக்கு பதிலு, அவங்களுக்கு ஒரு லெட்டர் போடுங்க."

அந்த வீடியோ முதல் வீடியோ அளவுக்குப் பரவவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்காரர்களுக்கு எட்டியது. வருத்தம் தெரிவித்து மெயில் வந்தது. கூடவே இரண்டு இலவச டிக்கெட். நான்தான் அச்சிட்டுக் கொடுத்தேன். டிக்கெட் வேண்டாம் என்று பதில் எழுதச் சொன்னார். அந்த மூலையின் அகலம், நடையின் நீளம், படியின் உயரம் எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. கை அளவில் எடுத்த கணக்கு. சக்கர நாற்காலியோடு மேலே ஏறும் மேடை எங்கே பொருத்தலாம் என்று ஒரு படம் வரைந்து அதையும் சேர்த்து அனுப்பினோம். அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வேலாயுதம் போன் செய்தார். இரண்டு பேர் வந்து படியை அளந்துவிட்டுப் போனார்களாம். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் சிட்டிபாபு முதலில் கேட்டார்.

புண் ஆறி அவர் கடைக்கு வந்த பிறகு, ஊரில் ஒரு சங்கத்தார் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். சங்கத் தலைவர் ஆதிகேசவன் நேரில் வந்து அழைத்தார். மேரியும் திரிஷாவும் போகலாம் என்றார்கள். போனார். நானும் போயிருந்தேன். மண்டபத்தில் மேடை ஐந்து படி உயரம். இரண்டு தொண்டர்கள் சிரித்த முகத்தோடு அவருக்கு இரண்டு பக்கமும் வந்து குனிந்தார்கள்.

சிட்டிபாபு சக்கரத்தைப் பூட்டிவிட்டார். மேலே வர முடியாது, மைக்கைக் கீழே கொடுங்கள் என்றார். ஆதிகேசவன் மேலிருந்து சமாதானம் சொன்னார். ஒரு நிமிஷம்தான், தூக்கிவிடுவார்கள் என்றார். சிட்டிபாபு அசையவில்லை. கூட்டம் காத்திருந்தது. கடைசியில் தலைவரும் மேடையில் இருந்த மற்ற ஐந்து பேரும் பொன்னாடையோடு வரிசையாகப் படியிறங்கி வந்தார்கள். மைக்கும் வந்தது. தன்னம்பிக்கையைப் பற்றி சிட்டிபாபு ஒன்றும் பேசவில்லை. இந்த மேடையைக் கட்டியது யார் என்று கேட்டார். மறுபடியும் கேட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்த மண்டபத்தின் மேனேஜர் எங்கள் பக்கம் வந்தார். சரிவாகப் போட நல்ல பலகை நாலு வேண்டும், அடுத்த விழாவுக்கு ஒரு மாற்றுத்திறனாளி விருந்தினர் வருகிறார், வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். பலகை கொட்டகை நிறைய அடுக்கி இருந்தது.

"தர மாட்டேன்பா" என்றார் சிட்டிபாபு. "வாடகப் பலக ஃபங்சன் முடிஞ்சா இங்க திரும்பி வந்துடும். அப்புறம் அடுத்தவன் வந்தா தூக்குவீங்க. போய் சிமெண்ட்ல போடு."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே போனார். சிமெண்ட் இன்னும் போடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை சிட்டிபாபு ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போய், மண்டபத்து வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார். மேனேஜர் வெளியே வந்து, அடுத்த மாதம் என்கிறார். இவர் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி போகிறார்.